மார்கழிப் பனியும் நம் சரக்கு வண்டிகளும்

கார்த்திகை தீபம் முடிந்து மார்கழி பிறக்கும்போது நம் வியாபாரத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து சேருகின்றன. ஒன்று பொங்கல் சரக்கு. வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை, மஞ்சள் என்று வருடத்தில் வேறெந்த மாதத்திலும் இல்லாத அளவுக்கு மூட்டை நகரும் மாதம் இது. மற்றொன்று பனி. வண்டி அதிக நடை அடிக்க வேண்டிய இதே மாதத்தில்தான் விடியற்காலைச் சாலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் சரக்கு எடுக்கிற நம் சில்லறைக் கடை அன்பர்கள் பலர், இப்போது சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார்கள். 2005-இல் டாட்டா ஏஸ் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம் இது. அதற்கு முன் லாரி செட்டில் சரக்கைப் போட்டுவிட்டு வந்தால், வண்டியைப் பற்றிய கவலை செட்டுக்காரருடையது. இன்று வண்டியும் நம்முடையது, அதை ஓட்டும் பையனும் நம் பையன். ஆகவே வண்டியின் பாடு நம் பாடு ஆகிவிட்டது. இதை உணர்ந்து நடப்பவர்கள் குறைவு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

அயோத்தியாப்பட்டணம் சேலத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போகிறது. மற்றொன்று மஞ்சவாடி கணவாய் வழியாக அரூருக்குப் போகிறது. இது தவிர குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கும் நமக்குப் பனி என்பது புதிதல்ல. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த நிலம், மேகமில்லாத வானம், காற்று அசையாத இரவு, இந்த மூன்றும் சேர்ந்தால் மறுநாள் விடியலில் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் மூடுபனி நிற்கும். ஏழு, ஏழரை மணிக்குச் சூரியன் ஏறினால்தான் அது விலகும். நம் வண்டிகள் புறப்படுவதோ நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும்.

குளிர் முதலில் தொடுவது எதை?

குளிர்கால வண்டிப் பராமரிப்பு என்றால் பலரும் இன்ஜினைத்தான் நினைக்கிறார்கள். இமயமலைப் பக்கம் போகிற வண்டிக்கு அது சரி. அங்கே டீசலே உறைந்து போகும். நமக்கு இது எளிதில் விளங்கும். மார்கழியில் நம் கடை டின்னில் தேங்காய் எண்ணெய் உறைந்து, வாடிக்கையாளர் ஸ்பூனால் சுரண்டி வாங்கிப் போகிறாரே, அதே கதைதான். தேங்காய் எண்ணெய்க்கு 24 டிகிரி போதும். டீசலில் உள்ள மெழுகு இறுகுவதற்குக் கடுங்குளிர் வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிகள் ஆப்பிள் லோடு எடுக்கக் காஷ்மீர் வரைக்கும் போவதால், அந்த டிரைவர்களுக்கு இது தெரிந்த விஷயம். உறைந்த டீசல் டாங்கின் அடியில் தீ மூட்டிச் சூடு காட்டும் ஆபத்தான வழக்கமும் வடக்கே உண்டு. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக் பகுதிக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் கெடாத டீசலைக் கொண்டு வந்தது. பானிப்பட் ஆலையில் தயாரானது அது.

நம் ஊரில் தை மாத விடியலில் 18, 19 டிகிரி இருந்தால் அதுவே பெரிய குளிர். ஏற்காட்டில் இன்னும் சில டிகிரி இறங்கும். இதில் டீசலுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் குளிருக்கு நல்லது என்று எவராவது சொன்னால் காது கொடுக்க வேண்டாம். இன்றைய பி.எஸ்.6 வண்டியின் பம்பும் இன்ஜெக்டரும் அதில் கெட்டுப்போகும். ரிப்பேர் செலவு மாத லாபத்தைத் தின்றுவிடும்.

இன்ஜின் விஷயத்தில் நமக்கு வேண்டியது இரண்டே. டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் சுருள் போல ஒரு விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரத்தில் அது எரியும்போதே செல்ப் அடிப்பதால் பேட்டரி வீணாகிறது. அடுத்தது அந்த பேட்டரி. மூன்று வருடம் ஓடிய பேட்டரி, சித்திரையில் ஒழுங்காக எடுத்தாலும் மார்கழியில் காலை வாரிவிடும். குளிர்ந்த பேட்டரிக்குச் சக்தி குறைவு, குளிர்ந்த ஆயிலைத் தள்ள இன்ஜினுக்குச் சக்தி அதிகம் வேண்டும். இரண்டும் எதிர்த்திசை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே வந்தால் பேட்டரிக் கடைக்குப் போக வேண்டியதுதான். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள். இதற்குக் காசு இல்லை.

ஆனால் நம் பக்கத்துக் குளிர் முதலில் தொடுவது இன்ஜினையும் அல்ல, பேட்டரியையும் அல்ல. டயரில் உள்ள காற்றை.

காற்று சுருங்கும் கணக்கு

மத்தியானம் 32 டிகிரி வெயிலில் பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கிறோம். மறுநாள் விடியலில் 18 டிகிரி. ஓட்டை ஏதும் இல்லாமலே உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் குறையும். இருசக்கர வண்டியில் 33 பவுண்டு வைத்திருந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். லோடு ஆட்டோ பின் டயரில் 60 வைத்திருந்தால் மூன்றரை. லாரியில் 100 இருந்தால் ஐந்துக்கு மேல். பஞ்சர் கடையில் இதையே பாயிண்ட் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு, மூன்று பவுண்டு பெரிதா என்று கேட்கலாம். எல்லாம் சரியாக இருக்கிற வண்டிக்குப் பெரிதல்ல. ஆனால் நம் வண்டி எப்படிப் போகிறது? ஏற்கெனவே ஒரு மாதமாகக் காற்றுப் பார்க்கவில்லை. அதில் ஐந்து பவுண்டு போயிருக்கும். குளிர் மூன்றைக் கொண்டு போகும். முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் பொங்கல் அவசரத்துக்கு ஒன்றரை டன் ஏற்றியிருக்கிறோம். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் பக்கவாட்டில் மடங்கி மடங்கி ஓடும். மடங்கும்போது சூடாகும். விடிகாலைக் குளிரில் டயர் வெடிப்பது எப்படி என்று வியப்பவர்கள் உண்டு. வெடிப்பது குளிரால் அல்ல, காற்றுக் குறைவாலும் அதிக பாரத்தாலும் உள்ளே ஏறிய சூட்டால். இதே குறைந்த காற்றுதான் சாதாரண பஞ்சருக்கும் வழி. ட்யூப் டயருக்குள் நகர்ந்து உரசித் தேயும், வால்வு அடியில் பிய்யும்.

ஆகவே காற்றுப் பார்க்க வேண்டியது காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடி வந்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும். கூடுதலாக இருக்கிறதே என்று சூடான டயரில் காற்றைக் குறைத்து விடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறோம். மறுநாள் காலை அந்த டயர் பாதி தட்டையாக நிற்கும். எவ்வளவு காற்று என்பதைக் கம்பெனிக்காரன் கதவோரத்தில் ஸ்டிக்கராக ஒட்டித் தந்திருக்கிறான். காலி வண்டிக்கு ஒன்று, லோடு வண்டிக்கு ஒன்று என்று பல வண்டிகளில் இரண்டு கணக்கு இருக்கும். லோடு கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும். நல்ல கேஜ் ஒன்று சில நூறு ரூபாய்தான். எடை போடும் தராசுக்கு முத்திரை போட்டு வைத்திருக்கும் நாம், காற்றை மட்டும் டயரை எட்டி உதைத்துப் பார்ப்பது நியாயமில்லை.

இங்கே ஒரு பேச்சு. நைட்ரஜன் காற்றுப் பிடித்தால் குறையவே குறையாது என்று சில பங்குகளில் சொல்கிறார்கள். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். குளிரில் அதுவும் சுருங்கத்தான் செய்யும். இலவசமாகக் கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம். காசு கொடுத்துப் பிடிக்க வேண்டிய அவசியம் மளிகைக் கடை வண்டிக்கு இல்லை என்பது நம் கருத்து.

இரவே லோடு ஏற்றி வைக்கும் வழக்கம்

நம்மில் பலர் முதல் நாள் இரவே லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி, வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போகிறோம். இதைத் தவறு என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இதில் ஒரு நன்மை உண்டு. மெதுவாகக் காற்று இறங்குகிற பஞ்சர் எங்கேயாவது ஒளிந்திருந்தால், ராத்திரி பாரத்தில் அது வெளிப்பட்டுவிடும். விடியலில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், அது மஞ்சவாடி இறக்கத்தில் நிற்பதைவிட நம் வாசலில் நிற்பது எவ்வளவோ மேல். ஆனால் காலையில் டார்ச் அடித்து நாலு சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். பார்க்காமல் வண்டியை எடுத்தால் அந்த நன்மை போய்விடும்.

அந்தச் சுற்றிலேயே டயரின் பட்டையையும் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் அந்த டயர் சட்டப்படியும் ஆகாது, பனி ஈரத்தில் பிரேக்கும் பிடிக்காது. பள்ளத்துக்குள் சிறு மேடு போல ரப்பர் துண்டு வைத்திருப்பார்கள். பட்டை அந்த மேட்டளவுக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். டயர் எந்த வருடத்தியது என்றும் பார்க்கலாம். பக்கவாட்டில் நாலு இலக்கம் ஓர் ஓவலுக்குள் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. பட்டை நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடமான டயரில் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விடும். அதைப் பின்பக்கத்துக்குக்கூட நம்பக் கூடாது.

ரீட்ரேட் டயரைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். புது டயர் விலையில் பாதிகூட ஆகாது. லாரித் தொழில் வளர்ந்த நாமக்கல் வட்டாரத்தில் இந்த வேலையும் கூடவே வளர்ந்தது. உறுதியான கூட்டில் நல்ல பட்டறையில் ஒட்டிய டயர் பின் சக்கரத்துக்கு ஏற்றது. முன் சக்கரத்தில் போடக் கூடாது. பின் டயர் போனால் வண்டி தள்ளாடும், முன் டயர் போனால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும்.

ஸ்டெப்னி என்ற அனாதை

ஸ்டெப்னி என்ற சொல்லை நம் டிரைவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அது ஓர் ஊர்த் தெருவின் பெயர் என்று பலருக்குத் தெரியாது. வேல்ஸ் நாட்டில் லனெலி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். அதுவரை மோட்டார் கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. அங்கே அந்தக் கம்பெனியை மறந்துபோன பிறகும் நம் நாட்டில் அந்தப் பெயர் நிற்கிறது.

பெயர் நிற்கிறதே தவிர சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. நம் சங்க அன்பர்களின் வண்டிகள் ஒரு பத்தை வரிசையாக நிறுத்தி ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தால், பாதியில் காற்றே இருக்காது என்று பந்தயம் கட்டலாம். கழித்துப்போட்ட டயரை ஸ்டெப்னி ஆக்குகிறோம். அடியில் தொங்கவிட்டிருப்பதால் சேறும் துருவும் பிடித்துக் கழற்றவே முடியாது. ஜாக்கி இருக்கும், கைப்பிடி இருக்காது. ஸ்பேனர் இருக்கும், நட்டுக்குப் பொருந்தாது. மார்கழி முதல் தேதிக்குள் பகல் நேரத்தில் கடை வாசலில் வைத்து டிரைவரை ஒரு தடவை சக்கரம் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். என்ன இல்லை என்பது அரை மணியில் தெரிந்துவிடும். ஸ்டெப்னியில் காற்றை ஐந்து பவுண்டு கூடுதலாகவே வைத்திருங்கள். தேவைப்படும்போது குறைத்துக்கொள்ளலாம். சாலையில் ஏற்ற முடியாது.

பஞ்சர் ஒட்டும் விதம்

1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கிய நாள் முதல் பஞ்சரும் உண்டு. ஒட்டு நன்றாக இருந்தால் ட்யூப் ஆயுள் முழுக்க நிற்கும். நன்றாக இல்லாவிட்டால் அதே இடத்தில் மூன்றாம் நாள் திரும்ப வரும்.

நம் கடைப் பையன்கள் பெரும்பாலும் ஓட்டுவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். ரகம். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரில் எண்ணெய் டின். இவற்றில் ட்யூப் உண்டு. பஞ்சர் கடையில் நாம் கவனிக்க வேண்டியவை இவை. ட்யூபைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும்போது ஒரு குமிழி கண்டதும் எடுத்துவிடக் கூடாது, முழுச் சுற்றும் பார்க்க வேண்டும். வால்வு முனையிலும் எச்சில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போடும் இடத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து பிசுபிசுப்பு நிலைக்கு வந்த பிறகுதான் ஒட்டு வைக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டுகிற அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். குளிர் காலத்தில் சொல்யூஷன் காய நேரம் கூடுதலாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய ட்யூபுக்கும் லோடு வண்டிக்கும் சூட்டு ஒட்டுதான் சிறந்தது.

இதை எல்லாம்விட முக்கியம், டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பது. ஆணியோ முள்ளோ உள்ளேயே இருக்க, ட்யூபுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு அனுப்பினால் பத்து கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். தடவும்போது துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், விரலைக் கிழிக்கும். டயரை ஏற்றும்போது லீவரில் ட்யூபைக் கடித்துவிடுவதும் உண்டு. ஒட்டியது ஒன்று, புதிதாகப் போட்டது இரண்டு என்று கணக்கு வருவது இதனால்தான். இரண்டு பஞ்சர் என்று சொன்னால், இரண்டு ஓட்டையும் பக்கத்துப் பக்கத்தில் பாம்புக் கடி போல இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் காற்றுக் குறைவால் பள்ளத்தில் அடிபட்டது அல்லது லீவர் கடித்தது. ஆணி அல்ல.

பஞ்சர் கடைக்காரர்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. குளிரில் நாலு மணிக்கு எழுப்பினாலும் முகம் சுளிக்காமல் வருகிறவர்கள் நம் சாலையில் இருக்கிறார்கள். ஆணி போட்டுப் பஞ்சர் ஆக்குவதாகப் பெங்களூரில் 2010-களில் பேச்சு எழுந்து, ஒருவர் வெளிவட்டச் சாலையில் காந்தம் கொண்டு கிலோக் கணக்கில் ஆணி பொறுக்கிய செய்தியும் வந்தது. நம் பக்கத்தில் கிடக்கும் ஆணி, கம்பி பெரும்பாலும் கட்டட வேலை டிராக்டரிலிருந்து சிந்துவதுதான்.

ட்யூப் இல்லாத டயர் வந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அதில் ஆணி ஏறினால் அந்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். ஆணியே அடைப்பாக நிற்கும். மெதுவாகக் கடை வரைக்கும் போய்விடலாம். வெளியிலிருந்து ரப்பர் திரி செருகுவது இருசக்கர வண்டிக்குப் போதும். லோடு வண்டிக்கு டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போடுவதே நல்லது. பட்டையில் விழுந்த ஓட்டைக்குத்தான் இதெல்லாம். பக்கவாட்டில் கிழிந்தால் எவர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பழைய லாரிச் சக்கரத்தில் லாக் ரிங் என்ற வளையம் இருக்கும். காற்றுப் பிடிக்கும்போது அது சரியாக உட்காராவிட்டால் பீரங்கிக் குண்டு போலத் தெறிக்கும். பஞ்சர் கடைப் பையன்களின் உயிரைக் குடித்திருக்கிறது. லாரி வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள், கம்பிக் கூண்டுக்குள் வைத்துக் காற்றுப் பிடிக்கும் கடைக்கே வண்டியை அனுப்புங்கள். கூண்டு இல்லாத இடத்தில் சக்கரத்தின் எதிரே எவரும் நிற்கக் கூடாது.

பனியில் சக்கரம் மாற்றும்போது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையை நான்கு வழியாக்கியபோது, உடையாப்பட்டி, வாழப்பாடி, ஆத்தூர் போன்ற ஊர்களின் புறவழிச் சாலைகளை இருவழியாகவே போட்டார்கள். நான்கு வழியில் பறந்து வருகிற ஆம்னி பஸ்ஸும் காரும் திடீரென்று இருவழியில் நுழையும். அந்த இடங்களில் நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அப்படிப்பட்ட சாலையில் மூடுபனியில் ஒரு லோடு வண்டி பஞ்சராகி நிற்கிறது. பின் விளக்கு தூசி மூடிக் கிடக்கிறது. பையன் சாலைப் பக்கம் குனிந்து நட்டுக் கழற்றுகிறான். பின்னால் வருகிறவனுக்கு இருபது அடியில்தான் இவன் தெரிவான்.

சில வருடங்களுக்கு முன் நம் மண்டிக்கு வழக்கமாக வரும் ஒரு கடைக்காரரின் வண்டி, தலைவாசல் காய்கறி மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது இப்படித்தான் நின்றது. பையன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து போன். எவ்வளவு நேரம், கடை திறந்தாச்சு, தக்காளி இல்லை என்று ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்று. பையன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டே வேலை செய்திருக்கிறான். பின்னால் வந்த வேன் அவனை உரசிக்கொண்டு போனது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிர் தப்பியது அவன் தாயார் செய்த புண்ணியம். ஆறு மாதம் படுக்கை. இன்றும் மூட்டை தூக்க முடியாது, கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வண்டியில் இருந்த தக்காளி மொத்தம் சில ஆயிரம் ரூபாய் பெறும்.

இந்த மாதிரி சமயத்தில் கடைக்காரர் போன் போட்டு விரட்டக் கூடாது. பையன் சாலையை விட்டு முழுவதும் இறங்கியிருக்கிறானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும். நம் அவசரம்தான் அவனுடைய அவசரமாகிறது.

டிரைவருக்குச் சொல்லி வைக்க வேண்டியவை உண்டு. பஞ்சர் என்று தெரிந்ததும் நடுரோட்டில் பிரேக் அடிக்காமல், மெதுவாக இடது பக்கம் மண்ணுக்கு இறக்க வேண்டும். இடம் இல்லையென்றால் டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, பெட்ரோல் பங்கோ டீக்கடையோ வரும் வரை ஊர்ந்து போகட்டும். டயருக்குக் கடையில் விலை உண்டு. நான்கு பக்க விளக்கையும் போட வேண்டும். வண்டியோடு கம்பெனி தந்த சிவப்பு முக்கோணப் பலகையை நூறு தப்படி பின்னால் வைக்க வேண்டும். வண்டிக்கு அடியிலேயே வைத்தால் பயனில்லை. உடன் வந்தவர் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது, இறங்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். சாலைப் பக்கத்துச் சக்கரமே பஞ்சர் என்றால், பனி விலகும் வரை தொடவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் ரோந்து வண்டியும் கிரேனும் அனுப்புவார்கள். அடிபட்டவர் இருந்தால் 108.

சக்கரம் மாற்றும் முறையில் பலர் விடுகிற சில விஷயங்கள். ஹேண்ட் பிரேக்கோடு நிறுத்தாமல், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் அண்டை கொடுக்க வேண்டும். மலைச்சாலையில் இது கட்டாயம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே முக்கால் திருகு தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி ஏற்ற வேண்டும். மார்கழி மண் ஈரமாக இருக்கும், ஜாக்கி புதைந்து சரியும். ஆகவே ஒரு அடிச் சதுரப் பலகை ஒன்று வண்டியில் கிடக்கட்டும். பாரம் அதிகமாக இருந்தால் மண் பக்கமாகப் பத்து மூட்டை இறக்கிவிட்டு ஏற்றலாம். எக்காரணம் கொண்டும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கடியில் தலையை விடக் கூடாது. நட்டு முடுக்கும்போது வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது பனி இறங்கிவிட்டால் பெரிய லைட் உதவாது. வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டிம் லைட்டில் மெதுவாகப் போக வேண்டும். கண்ணாடி உள்ளே மூடிக்கொண்டால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் பிரதிபலிப்புப் பட்டையை வாரம் ஒரு தடவை ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். தூசி மூடிய பட்டை எவருக்கும் தெரியாது. ஏற்காடு இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற வழக்கத்தையும் இந்த மாதத்திலாவது நிறுத்தச் சொல்லுங்கள். பிரேக் சூடேறினால் பிடிக்காது. அங்கே இருபது கொண்டை ஊசி வளைவுகள்.

அதிக லோடு பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். ஒரு நடையை மிச்சம் பிடிக்கப்போய் இதில் சிக்கினால், அந்த மாதம் வெல்லம் விற்ற லாபம் முழுவதும் போகும். டயர் தேய்வது தனிக் கணக்கு. பொங்கலுக்கு முந்தின பத்து நாளும் இரண்டு நடையாகப் பிரித்துக்கொண்டால், முதல் நடையை வெளிச்சம் வந்த பிறகு ஏழு மணிக்குத் தொடங்கலாம். நம் மண்டியில் இப்போது மார்கழி, தை இரண்டு மாதமும் வெளியூர் லோடு ஆறரைக்கு மேல்தான் ஏற்றித் தருகிறோம். முதல் வருடம் சில வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வேறு மண்டிக்கும் போனார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

சக்கரம் மாற்றிய பிறகு செய்ய வேண்டிய ஒன்றை எல்லோரும் மறக்கிறோம். கழற்றிய சக்கரம் வண்டியில் அப்படியே கிடக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று. அந்த நாளைக்குத்தான் அடுத்த ஆணி காத்திருக்கும். சரக்கு இறக்கியதும் அன்றே ஒட்டி, காற்றுப் பிடித்து, ஸ்டெப்னி இடத்தில் மாட்டிவிட்டு வரும்படி பையனிடம் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.